எது தண்ணீர், எது மணல்

புத்தூரில் ரயிலடிக்குப் போகிற தெருவில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறையில் என் கணவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பிறகு படங்களுக்கு வர்ணம் பூசக் கற்றுக்கொண்டேன். அப்போது எல்லாமே கறுப்பு வெள்ளைதான். கல்யாணப் பெண்ணின் புடவைக்குச் சிவப்பு வேண்டும், உதட்டில் ஒரு தீற்றல் வேண்டும் என்று கேட்பார்கள். சாயம் ஏற்றிய தாள்கள் சின்னப் புத்தகம் போல மெட்ராஸிலிருந்து வரும். ஒரு நறுக்கு வெட்டித் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும். அதைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுப் படத்தின்மேல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகிவிடும். எனக்குப் பொறுமை உண்டு. என் வேலை நன்றாக இருக்கிறது என்று நகரியிலிருந்துகூடப் படங்கள் வந்தன.

என் கணவருக்குத் திருப்பதியில் ஒரு சிநேகிதர் இருந்தார். அவரும் போட்டோகிராபர்தான், தெலுங்குக்காரர். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வரும் குடும்பங்களை, கோபுரமும் மலையும் வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பார். இருவரும் மெட்ராஸில் போட்டோத் தாள் வாங்கப் போன இடத்தில் அறிமுகமாகி, ஒருவரையொருவர் "பாவா" என்று மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிற அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். அவர் என்னைச் "செல்லெம்மா" என்பார். தங்கச்சி என்று அர்த்தம்.

இருவருக்கும் ஒரே பைத்தியம். தொழில் இல்லாத நாளில் காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையையும் வயலையும் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். முதல் மழைக்கு அப்புறம் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் படிகள் ஈரமாக மினுங்குவதை எடுப்பார்கள். தை மாதம் மாமரங்கள் பூக்கும்போது சித்தூர்ப் பக்கம் போவார்கள். குளிர்காலத்தில் ஒரு தடவை சூளூர்பேட்டைக்கு ரயிலேறிப் போய், ஏரிக்கு வந்திறங்கும் பறவைகளை எடுத்து வந்தார்கள். நகரி மலையை மட்டும் எத்தனை மாதிரி எடுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. மேகம் மூடியது, வெயிலில் காய்ந்தது, புதர்த் தீ எரிந்து கறுத்தது என்று வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. ஒருவரும் அந்தப் படங்களை விலைக்குக் கேட்டதில்லை.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எங்கே என்று இரண்டு பக்கமும் கூச்சல் எழுந்த காலம் அது. என் பிறந்த ஊர் நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவின் நிலம் முழுக்க ஊர் ஏரிக்குக் கீழே இருந்தது. ஏரி ஊரை ஒட்டித்தான் இருந்தது என்றாலும், கணக்குப்படி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தது. அந்தக் கிராமம் மெட்ராஸோடு சேரும், எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நிற்கும் என்று பேச்சு அடிபட்டது. அப்படியானால் ஏரி ஒரு மாநிலத்தில், வயல் இன்னொரு மாநிலத்தில்.

எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் கலந்தே இருந்தோம். எந்த மாநிலம் வேண்டும் என்று மற்றவர்கள் சண்டை போட்டார்கள். நைனா அதில் சேரவில்லை.

"எந்தப் பக்கம் வேணா போட்டுக்கட்டும். ஏரியையும் நெலத்தையும் ஒண்ணா போடணும். அவ்ளோதான் நான் கேக்கறது" என்பார்.

எல்லை விஷயமாக ஓர் அதிகாரி சித்திரை மாதத்தில் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார். சித்திரையில் எங்கள் ஏரியில் ஒரு சொட்டு இருக்காது. மணலும் வேலிக்காத்தான் செடியும் மேய்கிற ஆடுகளும்தான். வயலும் உழாமல் கிடந்தது. அவர் கரையிலிருந்து இறங்காமலே, இது மேய்ச்சல் பொறம்போக்கு மாதிரி இருக்கிறதே என்றாராம். ஊர்க்காரர்கள் ஏரி என்று சொன்னதற்கு, ஏரியில் தண்ணீர் எங்கே என்று கேட்டுச் சிரித்தாராம்.

நைனா அடுத்த பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ளே, ஏரி ரொம்பி நிக்கறப்போ ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. அந்தாளு கண்ணால பாக்கட்டும்."

"எடுத்துடலாம் மாமா. மழை வரட்டும்" என்றார் என் கணவர்.

திருப்பதிக்காரர் அதைக் கேட்டதும், ஒரு படம் போதாது என்றார். வருஷம் முழுக்க, ஒரே இடத்திலிருந்து, காய்ந்தது முதல் நிறைந்தது வரை எடுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்பது அவர் யோசனை. இத்தனை நாள் ஆசைக்கு எடுத்ததை ஒரு காரியத்துக்காக எடுக்கப் போகிறோம் என்று இருவருக்கும் சந்தோஷம். கரையில் ஒரு புளியமரத்தடியை இடமாக வைத்துக்கொண்டார்கள். ஆடியில் காற்று புழுதியை வாரி அடிக்கும்போது எடுத்தார்கள். புரட்டாசியில் தூறல் போட்டு, ஏரி நடுவில் ஒரு குட்டை மட்டும் மினுங்கியபோது எடுத்தார்கள். ஐப்பசி முழுக்க நைனா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் புயல் மழை வந்தது. திருப்பதியிலிருந்து அவர் நனைந்துகொண்டே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் அவருடைய பெரிய காமிரா. என் கணவருடையதைவிட அது நன்றாக எடுக்கும். பிறந்த வீடு என்பதால் நானும் கூடப் போனேன். ஏரி கரைக்குக் கரை தளும்பிக்கொண்டிருந்தது. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருந்தது. ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மாற்றி மாற்றி எடுத்தார்கள். மதகு எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக நைனாவை மம்முட்டியோடு மதகுமேல் நிற்கச் சொன்னார்கள்.

"மாமா, அசையாம நில்லுங்க."

"கொஞ்சம் நவ்வண்டி நைனா, சிரிங்க!" என்று திருப்பதிக்காரர் கத்தினார்.

"இன்னாத்துக்குச் சிரிக்கணும்? இது ஆபீஸருக்குப் போற போட்டோ" என்றார் நைனா. மழை முகத்தில் வழிய வழிய விறைத்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது.

தையில் நாற்றும் கரும்பும் கதிருமாக வயல் நிறைந்திருக்கும்போது மறுபடி வந்து எடுத்தார்கள். திருப்பதிக்காரருடையது கண்ணாடித் தகட்டில் படம் விழுகிற காமிரா. அந்தத் தகடுகளையெல்லாம் திருப்பதிக்காரரே எடுத்துப் போய்க் கழுவி, அவரிடம் இருந்த கருவியில் பெரிதாக்கிப் படம் போட்டுத் தந்தார். அந்த அளவுக்குத் தாள் கிடைப்பது அரிது. அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதிதான். தகடுகள் அவரிடமே இருந்தன.

படங்களை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் போனோம். என் பெரியம்மா அங்கே இருந்தார். அவரைப் பார்க்கிற சாக்கில் நானும் பஸ் ஏறினேன். எல்லை விஷயம் பார்க்கிற ஆபீஸில் ஒரு குமாஸ்தா படங்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்துலோ நீள்ளு ஏதி, இசுக ஏதி?" என்று கேட்டார். நைனா முழிப்பதைப் பார்த்து, தமிழில் சொன்னார்: "இதுல தண்ணி எது, மணல் எதுய்யா?"

நான் எட்டிப் பார்த்தேன். அதுவரை அந்தப் படங்களை அப்படிப் பார்த்ததே இல்லை. ஆடியில் எடுத்த படத்தில் ஏரி வெள்ளையாக இருந்தது, வெயில் பட்ட மணல். கார்த்திகையில் எடுத்ததிலும் வெள்ளைதான். மேகம் மூடிய வானம் தண்ணீரில் விழுந்திருந்தது. நாற்றும் சாம்பல் நிறம், உழாத மண்ணும் சாம்பல் நிறம். எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் நாங்கள் அங்கே நனைந்துகொண்டு நின்றிருந்தோம். அவருக்கு எப்படித் தெரியும்?

திருப்பதிக்காரர் தெலுங்கில் படபடவென்று பேசினார். அலையைக் காட்டினார், மதகடியில் நுரையைக் காட்டினார். குமாஸ்தா கெட்ட மனுஷர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு நீங்க சொல்றீங்க, புரியுது. மேல இருக்கறவருக்கு யாரு சொல்றது? கலர் போட்டு எடுத்துனு வாங்க. அவர் வர்றப்போ நானே எடுத்து வெக்கறேன்" என்றார்.

அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. புடவையும் உதடும் பூசிப் பழகியவள், ஒரு ஏரியைப் பூச உட்கார்ந்தேன். நைனா ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் பூசப் பூசப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

"அது நாத்தங்கால்ம்மா, எளம் பச்சை. இங்க கரும்பு, கறுத்தாப்ல இருக்கும். ஏரித் தண்ணி நீலமா இருக்காது பாப்பா, செவந்து போய்க்கினு இருக்கும், புதுத் தண்ணி இல்ல?"

"செவப்பு அடிச்சா மறுபடியும் மண்ணுனு சொல்லிடுவாரு நைனா."

அவர் யோசித்தார். "அப்போ கொஞ்சம் நீலம் கலந்துக்கோ" என்று அரைமனதாகச் சொன்னார். எல்லாம் காய்ந்தபின் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நிலத்துக்கு வர்ணம் பூசுவது என் கணவருக்குப் பிடிக்காது. மாமனாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா சொன்ன பெரிய அதிகாரி சித்தூருக்கு வந்தபோது நைனாவும் என் கணவரும் போனார்கள். நடந்ததை என் கணவர் வந்து சொன்னார். அதிகாரி படங்களை எடுத்ததுமே, "ரொம்ப அழகா இருக்கே" என்றாராம். நைனாவுக்கு வாயெல்லாம் பல்லாம். பிறகு அவர் ஒரு படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கையால பூசினதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றார் என் கணவர். "காய்ஞ்ச ஏரிக்கும் நீலம் பூசலாமே. இதை நான் எப்படி எடுத்துக்கறது?" என்றார் அவர். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாராம். பூசாத படமோ, கண்ணாடித் தகடோ கொண்டு வந்தால் பார்க்கிறேன், இந்த வாரம் இங்கேதான் இருப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். கலர் போடச் சொன்ன குமாஸ்தா அங்கேயே நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டாராம்.

என் கணவர் நைனாவைப் புத்தூரில் விட்டுவிட்டு அப்படியே திருப்பதிக்கு ரயிலேறினார். அங்கே திருப்பதிக்காரரின் ஸ்டுடியோவில் முன்கண்ணாடி இல்லை. எல்லைக்காக ஓர் ஊர்வலம் போயிருந்தது, யாரோ கல்லெறிந்திருந்தார்கள். ஏரிப் படத்தில் சின்னதாக ஒன்றை அவர் கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருந்தார். தமிழர்களுக்காகப் படம் எடுத்துக் கொடுக்கிறான் என்று யாராவது சொல்லிவிட்டார்களா, அல்லது தெருவில் கையில் அகப்பட்டதை எறிந்தார்களா, அது கடைசிவரை தெரியவில்லை. மாட்டியிருந்த படத்தையும் காணவில்லை. கல் உள்ளே பாய்ந்து தகடுகள் அடுக்கியிருந்த பலகையைச் சாய்த்துவிட்டது. திருப்பதிக்காரர் தரையில் உட்கார்ந்து, உடைந்த துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவா, மலை ஒரு எடத்துல கெடக்கு, மதகு ஒரு எடத்துல கெடக்கு" என்றாராம். விரலெல்லாம் கீறியிருந்தது. சேதி சொல்லி அனுப்பாமல் இருந்ததற்குக் காரணம், எப்படியாவது ஒட்டிவிடலாம் என்று நினைத்ததுதான்.

என் கணவர் ஒரு துண்டில் முடிந்து கொஞ்சம் சில்லுகளைக் கொண்டு வந்தார். திருப்பதிக்காரரும் கூட வந்தார். ஒன்றில் தண்ணீரும் பாதி மதகும் தெரிந்தன. நைனாவின் கால் மட்டும் இருந்தது.

"வர்ணத்தக் கழுவ முடியாதாம்மா?" என்று நைனா என்னைக் கேட்டார்.

முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, கார்த்திகைப் படத்தை அதில் இறக்கினேன். கொஞ்ச நேரம் அசைத்ததும் நீலம் கலங்கிக் கரைந்து வந்தது. நைனாவின் முகம் தெளிந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். நீலம் வெளிறியதே தவிரப் போகவில்லை. பச்சை அசையவே இல்லை. அந்தச் சாயம் மேலே ஒட்டி நிற்பதல்ல, தாளின் மேல் பூசியிருக்கும் ஜவ்வுக்குள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நன்றாக இறங்க வேண்டும் என்றுதான் நான் அத்தனை பொறுமையாக ஏற்றியிருந்தேன். கடைசியில் துளி சோடா உப்புப் போட்டேன். வயல் மேல் ஜவ்வு உப்பியது, சுருங்கியது, மெல்லிய தோலாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. அடியில் வெறும் தாள் வெள்ளையாகத் தெரிந்தது.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"போனா போவுது, வுடும்மா" என்றார் நைனா. என் தலையைத் தொட்டார். அழுகிற வயதைக் கடந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடக்க முடியவில்லை. மற்ற படங்களைக் கழுவ அவர் விடவில்லை.

மறுநாள் சில்லுகளையும் நிறம் பூசிய மற்ற படங்களையும் எடுத்துக்கொண்டு மூன்று ஆண்களும் சித்தூருக்குப் போனார்கள். அதிகாரி, சொன்ன நாளுக்கு முன்னாலேயே கிளம்பித் திருத்தணிப் பக்கம் போய்விட்டிருந்தார். குமாஸ்தா அந்தச் சில்லைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். "ஆனா ஒடஞ்ச கண்ணாடிய ஃபைல்ல எப்பிடிக் கட்றது?" என்று கேட்டார். சில்லை மறுபடி துண்டில் முடிந்துகொண்டு திரும்பினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி எடுத்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டோம். திருப்பதிக்காரர் புதுத் தகடுகள் வாங்கித் தயாராக வைத்திருந்தார். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில் ஏரியில் கணுக்கால் அளவுதான் நின்றது. இருவரும் புளியமரத்தடிக்கு வந்து, காமிராவைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே, பீடி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்கடுத்த மழைக்கு முன்னாலேயே முடிவு பத்திரிகையில் வந்துவிட்டது. பக்கத்துக் கிராமம் அந்தப் பக்கம், எங்கள் ஊர் இந்தப் பக்கம். கோடு ஏரிக்கரையின் அடியோடு போனது. சில வருஷத்தில் சட்டமாகி, கல்லும் நட்டார்கள்.

முதலில் ஒன்றும் மாறவில்லை போலத்தான் இருந்தது. தண்ணீர் வழக்கம்போல மதகில் வந்தது. அந்தக் கிராமத்துக்காரர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். என் அக்காவைக் கொடுத்திருந்த ஊர் அது. மதகுப் பலகை உடைந்தபோதுதான் தெரிந்தது. புத்தூரில் எழுதிக் கொடுத்தால், ஏரி எங்களுடையதல்ல என்றார்கள். பள்ளிப்பட்டுக்குப் போனால், உங்கள் ஊர் எங்களுடையதல்ல என்றார்கள். நைனாவும் நாலு பேரும் தாங்களே மரம் வாங்கிப் பலகை செய்து பொருத்தினார்கள்.

பிறகு ஒரு வருஷம் அந்தப் பக்கத்தில் ஏரி மீனை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் வெளியூர்க்காரர். மாசியில் கதிர் பால் பிடிக்கிற நேரம், வயலுக்குத் தண்ணீர் வேண்டும். மதகைத் திறந்தால் மீன் போய்விடும், பிடித்து முடிகிறவரை திறக்கக் கூடாது என்று அவர் ஆள் போட்டுவிட்டார். என் அக்கா வீட்டுக்காரர் போய்ப் பேசிப் பார்த்தார். ஏலக்காரர் ரசீதைக் காட்டினார்.

அந்தச் சமயம் என் கணவரும் திருப்பதிக்காரரும் நைனாவைப் பார்க்கப் போனார்கள். நானும் போயிருந்தேன். கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மறுபக்கம் நெல் கருகிக்கொண்டிருந்தது. நைனா நடுவில் நின்றுகொண்டிருந்தார். திருப்பதிக்காரர் காமிராவைத் தாங்கியில் பொருத்த ஆரம்பித்தார்.

"இன்னாத்துக்கு எடுக்கறீங்க?" என்றார் நைனா.

"காட்டலாம் நைனா."

"யாருக்கு?"

திருப்பதிக்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ஏரியைப் பார்த்தார். நைனா கோபமாகக் கேட்கவில்லை. யாரிடம் என்று சொன்னால் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். இருவரும் காமிராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள்.

அந்த நெல்லை நைனா மாட்டுக்கு அறுத்துப் போட்டார். மறு வருஷம் ஏரியை நம்பாமல், அதே நிலத்தில் மழைக்கு விளைகிற வேர்க்கடலை போட்டார். சுமாராக வந்தது. ஒரு கோணியில் கொஞ்சம் கட்டி எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். திருப்பதிக்காரரும் அன்றைக்கு வந்திருந்தார். உப்புப் போட்டு வேகவைத்து முறத்தில் கொட்டினேன்.

"துன்னுங்க, சூடா இருக்கு" என்று நைனா முறத்தை அவர் பக்கம் தள்ளினார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரித்தோம். ரயில் நேரம் மாறியது பற்றிப் பேசினார்கள், போட்டோத் தாள் கிடைக்காதது பற்றிப் பேசினார்கள். நைனா கிணறு வெட்ட இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பாறையாக இருக்கும் என்று என் கணவர் சொன்னார். ஆமாம், பாறைதான், ஆனாலும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார் நைனா.